ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு

1970 செப்டம்பர் 5. முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிப்பதற்கான அரசியல் சாசனத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆதரவு இருந்தும் மசோதா தோற்றது. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. வகுத்துப் பார்த்தால் 149.33. அந்த 0.33 ஓட்டை யாராலும் போட முடியாது, 150-வது ஆள் வேண்டும். அவர் இல்லை. மக்களவை நிறைவேற்றி அனுப்பியிருந்த மசோதா அங்கேயே விழுந்தது. மானியத்தை ஒழிக்க 1971-இல் 26-வது திருத்தம் வரவேண்டியிருந்தது.

பின்னக் கணக்கு இந்த அவைக்குப் புதிதில்லை. அதன் உறுப்பினர்கள் தேர்வாகும் முறையே பின்னங்களை வைத்துத்தான் ஓடுகிறது.

மாநிலங்களவை 1952 ஏப்ரல் 3-இல் அமைந்தது. மே 13-இல் முதல் கூட்டம். அப்போது 216 உறுப்பினர்கள், தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். ராஜ்ய சபா என்ற இந்திப் பெயர் 1954 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது. இதைக் கலைக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். ஆனால் முதலில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தானே வந்தார்கள்? அவர்களில் யாருக்கு 2 ஆண்டு, யாருக்கு 4, யாருக்கு 6 என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்.

சரி, தேர்தலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், ஒரு தடவைக்கு 6 காலியாகும். ஓட்டுப் போடுபவர்கள் 234 எம்.எல்.ஏ.க்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. ஆனால் வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதலாம். ஒரு சீட்டின் மதிப்பு 100. ஏன் 100 என்றால், பின்னால் ஓட்டை உடைத்துப் பங்கிட வேண்டியிருக்கும். 1 என்று வைத்தால் உடைக்க வழியில்லை.

ஜெயிக்க எத்தனை வேண்டும்? மொத்த மதிப்பு 23,400. அதை ஆறால் அல்ல, ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டுகிறார்கள். மிச்சத்தை விட்டுவிட்டால் 3,343. இந்த ஏழில்தான் சூட்சுமம். ஆறு பேர் ஆளுக்கு 3,343 எடுத்துவிட்டால் மீதி 3,342 மட்டுமே. ஏழாவது ஆள் என்ன செய்தாலும் அந்த அளவைத் தொட முடியாது. ஆறு பேருக்கு மேல் யாரும் தாண்ட முடியாத மிகச் சிறிய எண் இதுதான். அதனால்தான் இங்கே ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை என்கிறோம். சாதாரணப் பெரும்பான்மை முறையாக இருந்தால் 118 பேர் உள்ள கட்சி ஆறையும் அள்ளிக்கொண்டு போகும். இங்கே 68 பேர் உள்ள எதிர்க்கட்சிக்கும் இரண்டு இடம் உறுதி. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒருவர் 40 முதல் விருப்பச் சீட்டுகள் வாங்கினால் அவருக்கு 4,000. தேவை போக 657 உபரி. அந்த 40 சீட்டிலும் இரண்டாவது விருப்பம் இருந்தால் 657-ஐ 40-ஆல் வகுப்பார்கள். பின்னம் தள்ளுபடி, சீட்டுக்கு 16. அந்த மதிப்போடு அவை அடுத்தவர்களுக்குப் போகும். உபரி தீர்ந்தும் இடம் நிரம்பாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை மற்றவர்களுக்கு மாற்றுவார்கள்.

2003-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. கட்சி எம்.எல்.ஏ. தன் சீட்டைத் தன் கட்சி முகவருக்குக் காட்டியே ஆக வேண்டும். வேறு யாருக்கும் காட்டக்கூடாது. 2017 ஆகஸ்டில் குஜராத்தில் மூன்று இடங்களுக்கு நடந்த தேர்தலில், சீட்டை அடுத்த கட்சிக்குக் காட்டினார்கள் என்று எழுந்த புகாரில் இரண்டு ஓட்டுகள் செல்லாது என்று தேர்தல் ஆணையம் நள்ளிரவு நெருங்கும்போது சொன்னது. அதனால் 176 ஓட்டு 174 ஆனது. 17,400-ஐ நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 4,351. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் பெற்றது 44 ஓட்டு, அதாவது 4,400. ஜெயித்துவிட்டார். அந்த இரண்டும் செல்லுபடியாகியிருந்தால் தேவை 4,401! நூறில் ஒரு பங்கு ஓட்டுக் குறைந்து, எண்ணிக்கை இரண்டாவது விருப்பங்களுக்குப் போயிருக்கும்.

அப்புறம் 2024 பிப்ரவரி, இமாசலப் பிரதேசம். ஒரே இடம், 68 எம்.எல்.ஏ.க்கள். காங்கிரஸின் அபிஷேக் சிங்விக்கு 34, பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜனுக்கு 34. ஓர் இடம் என்றால் சீட்டின் மதிப்பு 1, தேவை 35. இரண்டு பேருமே தொடவில்லை. எனவே விதிப்படி அடுத்த வேலை கடைசி ஆளை நீக்குவது. சமமாக இருப்பவர்களில் யார் கடைசி? மறுபடியும் சீட்டுக் குலுக்கல். உத்தரமேரூர் குடவோலையில் பெயர் வந்தவர் தேர்வானார். இங்கே குலுக்கலே நீக்குவதற்கானது. சிங்வியின் பெயர் வந்தது, மகாஜன் உறுப்பினரானார்.