பழைய விண்டோஸை அழிக்கும் முன் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்கள், பள்ளிகள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் கணினிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, பழைய ஹார்டு டிஸ்க்கை உள்ளேயே விட்டுவிட்டு, புதிதாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதில் தவறேதும் இல்லை. சில வாரங்கள் சென்றபின், பழைய விண்டோஸ் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று அந்த ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் கணினி எழுவதில்லை. அண்மையில் ஒரு தொழிற்சாலையில், பச்சைத் தேயிலை கொடுத்த சிறு விவசாயிகளுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டிய நாளில் இதுவே நடந்தது. கறுப்புத் திரையில், பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி; வெளியே இலைப் புத்தகத்துடன் வரிசையில் ஆட்கள். இந்த ஆண்டு இப்படி வந்த அழைப்புகளுக்கு அளவில்லை; ஆகவே பொறுமை சற்றுக் குறைந்துதான் எழுதுகிறேன்.

எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றே: “விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது, சி டிரைவ் அதுதானே, டி டிரைவை அழித்தால் அது ஏன் நிற்க வேண்டும்?” விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருப்பது உண்மை. ஆனால் கணினியை இயக்கியவுடன் அந்த விண்டோஸைத் தேடி எழுப்பும் பூட் கோப்புகள் தனியானவை. டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த இஎஃப்ஐ என்ற சிறிய பகுதியில் (பார்ட்டிஷன்), பெரும்பாலும் 100 எம்பி அளவே உள்ள இடத்தில், சி, டி போன்ற டிரைவ் எழுத்து எதுவும் ஒதுக்கப்படாமல் அவை மறைந்து கிடக்கும். பழைய டிஸ்க்கும் இணைந்திருக்கும்போதே புதிய விண்டோஸை ஏற்றினால், அதன் நிறுவு நிரல் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பயன்படுத்திக்கொண்டு, எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல் விட்டுவிடுவது வழக்கம். விளைவு, வீடு புதியதாக இருந்தாலும் சாவி பழைய வீட்டின் ஆணியிலேயே தொங்குகிறது. சி என்ற எழுத்து விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, கணினி எங்கிருந்து எழுகிறது என்பதைக் காட்டாது. எஸ்எஸ்டி பொருத்திய பின் கணினி வேகமாக எழுகிறது என்பதும் சான்றாகாது. பழைய டிஸ்க்கிலிருந்து படிக்கப்படுவது மிகச் சிறிய கோப்பு என்பதால் வேகத்தில் வேறுபாடு தெரியாது. விண்டோஸின் தொடக்க அமைப்புகளைக் காட்டும் எம்எஸ்கான்ஃபிக்கில் பழைய விண்டோஸின் பெயரை நீக்கிவிட்டோம், அதனால் தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது பட்டியலில் ஒரு வரியை நீக்குமே ஒழிய, கோப்புகளை இடம் மாற்றாது.

இதை உறுதிசெய்ய எந்த மென்பொருளும் தேவையில்லை. முதலில் டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை முழுதாக அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். விண்டோஸ் எழுந்தால் பழைய டிஸ்க் உண்மையாகவே உபரி. எழவில்லை என்றால் கேபிளை மீண்டும் பொருத்துங்கள், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. கேபிளைத் தொட அஞ்சுபவர்கள் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் ‘சிஸ்டம்’ என்ற குறிப்பு எந்த டிஸ்க்கின் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று பாருங்கள். அது பழைய டிஸ்க்கில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அங்கே எழுதிய பிறகே அழிப்பதைப் பற்றி நினைக்க வேண்டும்.

அழிக்கும் முன் எதை எடுத்து வைப்பது என்பதிலும் அவசரம் கூடாது. டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். டேலி கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை பல கணினிகளில் அவற்றுக்கு வெளியே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பள்ளிகளுக்கு ஒரு தனி வேண்டுகோள்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் சான்றிதழ்களும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பழைய விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையையும் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் கோப்புறையை மட்டும் டெலிட் செய்ய முயன்று, அனுமதி மறுக்கப்பட்டதும், உரிமையைக் கைப்பற்றும் கட்டளைகளை வீடியோ பார்த்து அடிப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத வழி. பழைய டிஸ்க்கில் உள்ள ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ உண்மையான கோப்புறை அன்று. சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறையைச் சுட்டும் இணைப்பு. இப்போது சி என்பது உங்கள் புதிய விண்டோஸ். அந்த இணைப்பைப் பின்தொடரும் கருவி ஒன்றை ஓடவிட்டால், பழையதைத் தொடுவதாக நினைத்துப் புதியதன் அனுமதிகளைக் குலைப்பீர்கள். வேண்டிய கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை முழுதாக நீக்குவதே சுத்தமான வழி. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில், டிஸ்க் முழுவதையும் துடைக்கும் ‘கிளீன்’ அடிக்கும் முன், டிஸ்க்கின் எண்ணை நம்பாமல் கொள்ளளவை ஒப்பிட்டுப் பாருங்கள். அது உறுதி கேட்காமலே வேலையை முடித்துவிடும். மரம் விழுந்து மின்சாரம் போகும் மழை நாளில், யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். தவறான டிஸ்க் அழிந்தால் தரவு மீட்புக்காக அதைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும்; போனதெல்லாம் திரும்பும் என்று அங்கும் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

பூட் கோப்புகள் ஏற்கெனவே போய்விட்டன என்றால் பதற வேண்டாம். எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸும் உங்கள் கணக்குகளும் அப்படியே இருக்கின்றன. சக தொழில்நுட்பர்களுக்கும் சொல்கிறேன்: இத்தகைய கணினியைக் கண்டவுடன் எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றாதீர்கள், நிறுவு பென்டிரைவிலிருந்து கட்டளைத் திரையைத் திறந்து, மேலே சொன்ன அதே பிசிடிபூட் வேலையைச் செய்தால் போதும். அந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும், சி என்று தெரிவது வேறொன்றாக இருக்கலாம். எனவே விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தின் கீழ் இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகே கட்டளையை அடியுங்கள்.