கலிபோர்னியாவில் பழைய டிராவல் டிரெய்லர்: வாங்கும் முன் தெரிய வேண்டிய விதிகள்

கார் பின்னால் இழுத்துப் போகும், படுக்கை வசதியுள்ள டிராவல் டிரெய்லரை விற்பவர் முதலில் சொல்வது காலி எடையைத்தான். "3,800 பவுண்டுதான் சார், உங்க வண்டி அலட்டிக்காம இழுக்கும்" என்பார். அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது. டிரெய்லரின் இடதுபுற வெளிச்சுவரில், முன்பாதியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருப்பதுதான் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து அது தாங்கும் உச்ச எடை. 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல் வரும். லைசென்ஸ் கணக்கும் இந்த எண்ணை வைத்துத்தான்: 10,000 பவுண்டு வரை சாதாரண கார் லைசென்ஸான கிளாஸ் சி போதும். அதைத் தாண்டினால் வணிகம் சாராத கிளாஸ் ஏ எடுக்க வேண்டும்.

மொத்த எடை 1,500 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், டிரெய்லரில் குறைந்தது இரண்டு சக்கரங்களுக்காவது தனி பிரேக் கட்டாயம். கொக்கி கழன்றால் பிரேக் தானாகப் பிடிக்கவும் வேண்டும். 15 நிமிடமாவது பிடித்து நிற்க வேண்டும். இதைப் பார்க்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். முன்பக்கம் மெல்லிய கம்பியில் தொங்கும் பின்னை உருவிவிட்டு, வண்டியை மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். சக்கரம் இறுகவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும். சின்னச் செலவுதான், ஆனால் விலை பேச நல்ல பிடி.

டயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வருடத்தில் பாதி நாள் நின்றே இருப்பதால் பட்டன் தேயாது, ரப்பரில்தான் வெடிப்பு விழும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. அப்படியென்றால் புது டயர் விலையையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் மூலைகளில் தரையை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நானாக இருந்தால் வாங்காமல் கிளம்பிவிடுவேன்.

பிங்க் ஸ்லிப்பில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள வி.ஐ.என். என்ற வாகன அடையாள எண்ணும் டிரெய்லரில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கிய 10 நாளுக்குள் மாநில வாகனத் துறையான டி.எம்.வி.யில் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 5 நாளுக்குள் தகவல் தர வேண்டும்.

டிரெய்லரை இழுக்கும்போது சாலையில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். வலதுகோடி லேன்தான் உங்களுடையது. ஒரே திசையில் நான்கு லேனோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கு அடுத்த லேனிலும் போகலாம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழும்படி சாமானை அடுக்குங்கள். பின்னால் பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். அப்போது கார் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காருக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள்.

உள்ளே படுக்கை இருக்கிறதே, பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரட்டுமே என்று பலரும் கேட்பார்கள். ஓடும்போது டிராவல் டிரெய்லருக்குள் ஆள் இருப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.