குத்தகைக்காரர் கணக்கில் நெல் விலை

2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் விலை. இதில் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,369 மற்றும் 2,389 ரூபாய். மீதமுள்ள 131, 156 ரூபாய் மாநில அரசின் ஊக்கத்தொகை. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு கிடைத்த விலை இது, நல்லதுதான். ஆனால் இந்த விலையில் யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது.

காவிரி டெல்டாவில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. விலை அறிவிப்பு வந்தாலே, "இந்த வருஷமாவது ஏதாச்சும் நிக்குமா சார்?" என்று உறுப்பினர்கள் போன் செய்வார்கள். பதிலுக்கு நான் முதலில் கேட்பது, நிலம் சொந்தமா, குத்தகையா என்பதைத்தான். விளைச்சலும் உரச் செலவும் அப்புறம்தான்.

காரணம், ஆதரவு விலை போடும் விதத்திலேயே இருக்கிறது. விவசாயச் செலவு மற்றும் விலை ஆணையம் செலவை இரண்டு விதமாகப் பார்க்கிறது. கையிலிருந்து போன காசு, அதோடு வீட்டு ஆட்கள் உழைத்த உழைப்பின் கூலி, இது ஒரு கணக்கு. இதற்கு மேல் சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி என்று மதிப்புப் போட்டுச் சேர்ப்பது இரண்டாவது கணக்கு. 2018-19 முதல் மத்திய அரசு முதல் கணக்கை எடுத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு விலை தருகிறது. 2025-26இல் நெல்லுக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். ஒன்றரை மடங்கு போட்டால் 2,369 வந்துவிடும். எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்ன, செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை என்ற பரிந்துரையை இரண்டாவது கணக்கின்மேல் போட வேண்டும் என்றுதான் விவசாய சங்கங்கள் இன்றும் கேட்கின்றன.

அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர் குத்தகைக்காரர். அவர் கொடுக்கும் குத்தகை முதல் கணக்கிலேயே வந்துவிடுகிறது, அது உண்மை. ஆனால் 1,579 என்பது சராசரி. குத்தகையே கொடுக்காத சொந்த நிலக்காரர்களையும் சேர்த்துக் கணக்குப் போடும்போது, குத்தகைக்காரரின் சுமை அதில் கரைந்து போகிறது.

ஓர் ஏக்கரை, அதாவது டெல்டா கணக்கில் மூன்று மாவை, எடுத்துக்கொள்வோம். புழுதி உழவு, சேற்றுழவு, விதை, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்தின் வாடகை, நெல்லைக் காயவைத்து ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் 22 குவிண்டால், அதாவது கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 55. விலை 2,500 என்றால் வரவு 55,000 ரூபாய். சொந்த நிலக்காரருக்கு 25,000 மிஞ்சும். குத்தகைக்காரர் ஐந்து குவிண்டாலுக்கான பணத்தை நிலக்காரருக்குக் கொடுக்கிறார் என்றால் 12,500 போய்விடும், கையில் நிற்பது இன்னொரு 12,500. நாற்று விட்டதிலிருந்து மூட்டை போட்டுப் பணம் வரும் வரை நாலு மாதம் குடும்பமே உழைத்ததற்கான கூலியும் இதற்குள்தான். இதை நான் லாபம் என்று எழுதுவதில்லை.

குவிண்டாலுக்கு என்று பார்த்தால் சொந்த நிலக்காரர் கையிலிருந்து போட்டது 1,364 ரூபாய், குத்தகைக்காரர் போட்டது 1,932. அரசு சொல்லும் அதே ஒன்றரை மடங்கை இவருக்குக் கொடுக்க வேண்டுமானால் விலை 2,900-ஐத் தொட வேண்டும். இப்போது ஒரு மழை வந்து விளைச்சல் 17 குவிண்டாலுக்கு இறங்கட்டும். வரவு 42,500. சொந்த நிலக்காரருக்கு 12,500 மிஞ்சுகிறது. குத்தகைக்காரருக்கு ஒன்றுமே இல்லை. ஐந்து குவிண்டால் இழப்புதான், கண்ணுக்குப் பெரிய சேதமாகவே தெரியாது. வயலைப் பார்த்துவிட்டுப் போகும் அதிகாரி 33 சதவீதச் சேதம் இல்லை என்று எழுதிவிட்டால் அரசு நிவாரணமும் கிடையாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி நிலமே முக்கால் ஹெக்டேர்தான். இந்த அளவில் ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு நகைக்கடன்தான் வழி.

அறிவித்த விலை கைக்கு வருமா என்பது அடுத்த பிரச்சினை. இங்கேதான் ஈரப்பதம் வருகிறது. கொள்முதலுக்கு 17 சதவீதம் வரை அனுமதி. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும், நாற்று விட்டு, நட்டு, 110 நாள் ரகமான ஆடுதுறை 43 போன்றவை அறுவடைக்கு வரும்போது அக்டோபர் ஆகிவிடும், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். 2025 அக்டோபரில் கொள்முதல் நிலைய வாசல்களிலும் சாலையோரங்களிலும் குறுவை நெல் நனைந்து முளைத்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த நேரத்தில் வியாபாரி களத்துக்கே வந்து ஈர நெல்லை 2,100க்குக் கேட்பார். விவசாயிக்கு 400 ரூபாய் போகிறதே என்று மனசு வராது.

உண்மையில் வித்தியாசம் 400 இல்லை. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர். அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 94 கிலோவாகிவிடும். 94 கிலோவுக்குச் சர்க்கார் விலை 2,350 ரூபாய். ஆக, காயவைப்பதால் கிடைக்கும் கூடுதல் 250 ரூபாய்தான். படுதா வாடகை, கிளறிவிடும் ஆள் கூலி, வண்டிச் சத்தம், இராக்காவல், சுமைகூலி என்று மூட்டைக்கு மூட்டை கேட்கப்படும் பணம், எல்லாம் இந்த 250க்குள் அடங்க வேண்டும். மூன்று நாளில் வெயில் காய்ந்து எடை போட்டுவிடுவார்கள் என்றால் காயவைப்பதுதான் சரி. ஏக்கருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வித்தியாசம் வரும், குத்தகைக்காரருக்கு அது மிஞ்சுவதில் கிட்டத்தட்டப் பாதி. வானம் மூடியிருக்கிறது, முன்னால் இருபது பேர் குவியல் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்றால், வியாபாரிக்குப் போடுவதில் தவறே இல்லை. இதைச் சொன்னால் சில தோழர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள். ஆனால் முளைத்த நெல்லுக்கு எந்த விலையும் கிடையாதே. அறுவடைக்கு முன்பே ஈரப்பதமானி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு அறுத்ததும் மதியம் மூன்று மணிக்கு அறுத்ததும் ஒரே ஈரத்தில் இருப்பதில்லை என்பதை அதில் நீங்களே பார்க்கலாம்.

நெல்லாக விற்காமல் அரிசியாக விற்றால் என்ன என்று நிறுவனக் கூட்டங்களில் அடிக்கடி கேட்பார்கள். நூறு கிலோ நெல்லுக்கு 67, 68 கிலோ அரிசி என்பது அரசின் அளவுகோல். சின்ன மில்லில் குருணை அதிகமாகும், அரிசி பழசாகும் வரை முதல் முடங்கும். 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய பைக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வேறு. கடையில் 26 கிலோ பை வந்ததே அதனால்தான். வாடிக்கையாளர் கையில் இருந்தால் செய்யலாம். நெல் விலைக்கு மாற்று என்று நம்பி இறங்க வேண்டாம்.

என்னை அதிகம் வாட்டுவது அடங்கல் பிரச்சினைதான். நிலம் யாருடையது என்று சொல்வது சிட்டா, அதில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று சொல்வது அடங்கல். கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்யவும், தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும், பயிர்க் காப்பீட்டுக்கும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில். அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை எழுதினால் நாளைக்கு உரிமை கொண்டாடுவாரோ என்று நிலக்காரர் பயப்படுகிறார். குத்தகைப் பதிவுக்கு 1969இலேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் வாய்மொழியாகவே எல்லாம் நடக்கிறது. விளைவு, நெல் போட்ட பணம் நிலக்காரர் கணக்கில் ஏறுகிறது, காப்பீட்டுத் தொகை வந்தாலும் அங்கேதான். கூட்டுறவுக் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. குத்தகைக்காரருக்கு அந்தக் கதவு மூடியிருப்பதால் உரக்கடையில் கடன் சொல்லி, நெல்லை அங்கேயே போட வேண்டியிருக்கிறது. அங்கே விலை சொல்வது கடைக்காரர்தான்.

அதனால் அடுத்த போகத்துக்குக் குத்தகை பேசும்போதே இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஒன்று, அந்தப் போகத்துக்கு மட்டும் சாகுபடி செய்கிறேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பெயர் ஏற்றுவது. சம்பாவுக்குக் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இன்னொன்று, குத்தகையை இத்தனை மூட்டை என்று நிலையாகப் பேசாமல் விளைச்சலில் பங்காகப் பேசுவது. 1956ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டத்தின் அளவு நாலில் ஒரு பங்கு. மேலே சொன்ன உதாரணத்தில் நல்ல வருடத்தில் ஐந்து குவிண்டால் என்பது அதற்குள் அடங்குகிறது. 17 குவிண்டால் விளைந்த வருடத்தில் அதே ஐந்து குவிண்டால் நாலில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. பங்காகப் பேசியிருந்தால் அந்த வருடம் குத்தகை 10,625 ரூபாய், கையில் ஏறக்குறைய 1,900 ரூபாய் நிற்கும். நல்ல வருடத்தில் நிலக்காரருக்கு 1,250 ரூபாய் கூடுதலாகவே போகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் பல நிலக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.