சதி நடப்பது தெரிந்திருந்தாலே குற்றமா?

குற்ற வழக்குகள் நடத்தும் எங்களைத் தேடி வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், நான் அந்த இடத்துலயே இல்லை. என் பேரை எப்படிச் சேர்த்தாங்க?" முதல் தகவல் அறிக்கையைப் புரட்டினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 61(2) பிரிவு இருக்கும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால், பழைய தண்டனைச் சட்டத்தின் 120பி. இரண்டுமே குற்றச் சதிக்கானவை.

இந்தக் குற்றச்சாட்டுக்கு, சம்பவ இடத்தில் இல்லை என்பது மட்டும் பதிலாகாது. சட்டம் இங்கே தண்டிப்பது உடன்பாட்டை. இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சட்டவிரோதமான ஒன்றைச் செய்யவோ, நியாயமான ஒன்றையே சட்டவிரோத வழியில் செய்யவோ ஒத்துக்கொண்டால் அது சதி. கொடுத்த கடனைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காக, வாங்கியவரின் மகனைக் கடத்தலாம் என்று இருவர் பேசி முடிவெடுத்தால் அப்போதே குற்றம் நடந்துவிட்டது. கடத்த வேண்டிய அவசியமே இல்லை. உடன்பாடு குற்றமல்லாத வேறு சட்டவிரோதச் செயலுக்கானது என்றால் மட்டும், பேச்சைத் தாண்டி ஒருவராவது ஏதாவது செய்திருக்க வேண்டும்.

மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்துக்கான சதி என்றால், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்குரிய தண்டனை கிடைக்கும். மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆள்மாறாட்டப் பத்திர வழக்குகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சொத்தைக் காட்டிக்கொடுத்தவர், போலி அடையாள அட்டை தயாரித்தவர், உரிமையாளராக நடித்தவர், வாங்கியவர், கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவர். இவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தேகூட இருக்கமாட்டார்கள். திட்டம் இன்னதென்று தெரிந்து அதற்கு உடன்பட்டிருந்தால் போதும். சரி, "ஒரு சாட்சி குறையுது, கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டதும் பழக்கத்துக்காகப் போட்டவர்? விற்பவர் போலி ஆள் என்பது அவருக்குத் தெரியாது என்றால் அவர் சதிகாரர் இல்லை. ஆனால் குற்றப்பத்திரிகையில் ஏ5, ஏ6 (குற்றம் சாட்டப்பட்ட ஐந்தாமவர், ஆறாமவர்) என்று பெயர் ஏறிவிட்டால், விடுதலையாகும் வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைய வேண்டியவர் அவர்தான். முன்பின் அறியாதவரைத் தெரியும் என்று சொல்லித் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

சதியை யாரும் ஊரறியப் பேசுவதில்லை. அதனால் சூழ்நிலைகளை வைத்து உடன்பாட்டை ஊகிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. சிக்கலே இங்கேதான். இரண்டு எண்களுக்கு இடையே நாற்பது அழைப்புகள் இருந்ததாக விவரப் பட்டியல் காட்டும். என்ன பேசினார்கள் என்பதை அது காட்டாது. நண்பர்கள், உறவினர்கள், கூட்டாளிகள் என்றால் பேசத்தான் செய்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் 1991-ல் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பாருங்கள். தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) சிறப்பு நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மீதி 19 பேர் மீது கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. சதிகாரர்களோடு பழக்கம் இருந்தது, ஏன், சதி நடப்பது தெரிந்திருந்தது என்பதுகூடப் போதாது. உடன்பாடு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கீழமை நீதிமன்றங்களில் நாங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

அப்புறம், ஒருவர் தனியாகச் சதி செய்ய முடியாது. குற்றம் சாட்டப்பட்ட மற்ற எல்லோரும் விடுதலையாகி, வேறு யாரோடும் சேர்ந்ததாகச் சாட்சியமும் இல்லை என்றால், மிஞ்சிய ஒருவரை மட்டும் இந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணை வந்தால், பயத்தில் முதல் வேலையாக வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தது தனிக் குற்றமாகச் சேரும். அதோடு, "இந்த வேலைக்கு நான் வரலை" என்று நீங்கள் அன்றைக்கு அனுப்பிய பதிலும் சேர்ந்தே போய்விடும்.