தவணைக்கு எண் போடும் முன்: குழு எது, வரிசை எது?

சிறு கடன் சங்கங்களுக்கு எக்செல் வேலை செய்துகொடுப்பவர்களுக்கு இந்தக் கோரிக்கை பழக்கமானதுதான். வசூல் பட்டியல் கீழ்நோக்கி நீண்டுகொண்டே போகும்: உறுப்பினர் எண், தேதி, தொகை. மேலாளருக்கு வேண்டியதோ ஆளுக்கு ஒரு வரி; பக்கவாட்டில் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று ஓட வேண்டும். எத்தனையாவது தவணை என்ற விவரம் மட்டும் பட்டியலில் இருக்காது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும், ஆள் மாறும் இடத்தில் எண் மறுபடி 1-இல் தொடங்க வேண்டும்.

சரி, ஆள் மாறும் இடம்தான் எல்லையா? ஒருவர் பழைய கடனை 12 தவணையில் முடித்துவிட்டுப் புதுக்கடன் வாங்கியிருப்பார். உறுப்பினர் எண்ணை வைத்து எண்ணினால் புதுக்கடனின் முதல் தவணை 13 ஆகிவிடும். அங்கே குழு என்பது உறுப்பினர் எண்ணும் கடன் எண்ணும் சேர்ந்தது. இதை மென்பொருள் கேட்காது. கொடுத்ததை வைத்துக் கச்சிதமாக 13 போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

பலரும் கையாளும் வழி கவுன்டிஃப், அதாவது ஒரு மதிப்பு ஒரு வரம்பில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் எக்செல் சூத்திரம். வரம்பின் தொடக்கத்தை டாலர் குறி போட்டு ஏ2-வில் பூட்டிவிட்டு, முடிவை மட்டும் வரிக்கு வரி இறங்க விடுவது. சில நூறு வரிகளுக்கு அருமையான வழி. 50,000 வரி என்றால் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள அத்தனையையும் பார்ப்பதால் மொத்தம் சுமார் 125 கோடி ஒப்பீடு. கோப்பு உறைந்து நிற்கும். பட்டியலை முதலில் குழுவாரியாக அடுக்கிவிட்டால் இவ்வளவு பாடு தேவையில்லை. மேல் வரியும் இதுவும் ஒரே கடனா? ஆம் என்றால் மேல் எண்ணோடு ஒன்று கூட்டு, இல்லையென்றால் 1. வரிக்கு ஒரே ஒரு ஒப்பீடு.

வேகத்தை விடுங்கள், கவுன்டிஃபில் அதைவிட மோசமான குணம் ஒன்று உண்டு. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் தாங்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் டெக்ஸ்டாக வைத்திருப்பார்கள். கவுன்டிஃபோ ஒப்பிடும் நேரத்தில் அந்த டெக்ஸ்டையும் எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகள் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். ஒருவர் கட்டிய பணம் அடுத்தவரின் மூன்றாம் தவணையாகிவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. இதே காரணத்தால் 007-உம் 7-உம் அதற்கு ஒன்றே. கணக்கு எண்ணுக்கு முன்னால் ஏதாவது ஓர் எழுத்தை ஒட்டித் தனி நெடுவரிசையாக வைத்து, அதை எண்ணச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும்.

பெரிய பட்டியலுக்கு நான் பவர் குவெரியைத்தான், அதாவது தரவைச் சீர்படுத்தி மாற்றியமைக்கும் எக்செல் கருவியைத்தான், சொல்வேன். 2016 எக்செலிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. குரூப் பை போய் ஆல் ரோஸ் என்று தேர்ந்தால், ஒவ்வொரு கடனின் வரிகளும் ஒரு குட்டி அட்டவணையாகச் சுருண்டுகொள்ளும். அந்த அட்டவணைக்குள் 1-இல் தொடங்கும் இன்டெக்ஸ் (வரிசை எண்) சேர்த்து, திரும்ப விரித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுக்கும் வேலையையும் அந்தக் குட்டி அட்டவணைக்குள்ளேயே செய்யுங்கள். முன்கூட்டியே அடுக்கிவைத்த வரிசை குரூப் செய்த பிறகும் குலையாமல் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பவர் குவெரி ஆங்கிலச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் வெவ்வேறாகப் பார்க்கும்; பின்னால் ஒட்டிய வெற்றிடத்தையும் கணக்கில் எடுக்கும். ஆகவே ஓரத்து வெற்றிடத்தை நீக்கி (டிரிம்), எழுத்துகளை ஒரே வகையாக்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

தேதி இன்னொரு தலைவலி. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பில் 03/04/2024 என்றிருக்கும் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்பதற்கு 25-ஆம் மாதம் கிடையாது, அது டெக்ஸ்டாகவே கிடக்கும். ஏறுவரிசையில் எக்செல் எண்களை முன்னாலும் டெக்ஸ்டைப் பின்னாலும் வைக்கும். ஆக 12-ஆம் தேதிக்குப் பிறகு கட்டிய தவணைகள் எல்லாம் கடைசி எண்களை வாங்கிக்கொண்டு வாலில் நிற்கும். நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் இருமுறை கட்டியிருந்தால் தேதி மட்டும் போதாது, ரசீது எண்ணையும் சேர்த்து அடுக்க வேண்டும்.

ஒரே கடனில் ஒரே தவணை எண் இரண்டு தடவை விழுந்தால் பரவாயில்லை, தொகையைக் கூட்டாமல் தவணை எண்களைப் பக்கவாட்டு நெடுவரிசைகளாகத் திருப்பும்போது (பிவட்) பவர் குவெரி பிழை காட்டி நிற்கும். வரிசை தவறிய எண்ணுக்கு அப்படி எந்த மணியும் அடிக்காது. அதனால் 1 என்று எண் விழுந்த வரிகளை மட்டும் வடிகட்டி, கடன் கொடுத்த தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கடன் கொடுக்கும் முன்பே தவணை கட்டியதாகக் காட்டினால் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், பெயர், தெரு, கைபேசி என மும்மூன்று வரிகளாக ஒரே நெடுவரிசையில் வரும் உறுப்பினர் பட்டியல். 0-இல் தொடங்கும் இன்டெக்ஸை மூன்றால் வகுத்து, ஈவு ஆளையும் மீதி விவரத்தையும் சொல்லும் என்று வைத்துக்கொள்வது சுலபம்தான். ஒருவருக்குக் கைபேசி வரி விடுபட்டிருந்தாலே அவருக்குக் கீழே உள்ள எல்லோரும் இடம் மாறிவிடுவார்கள். மீதி 0 வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பெயர்களாகவே வர வேண்டும்; தெருப் பெயர் முதலில் தலைகாட்டும் இடத்துக்குச் சற்று மேலேதான் விடுபட்ட வரி இருக்கும்.