சுராங்கனிக்குப் பிறகு என்ன பாட்டு?

ஏ. ஈ. மனோகரன் என்றதும் யாழ்ப்பாணத்தில் மூத்தவர்கள் வாயில் முதலில் வருவது 'சுராங்கனி'தான். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர். தமிழ்நாட்டுக்குப் போய் 'சிலோன் மனோகர்' ஆனார், படங்களில் நடித்தார், வேறு பாட்டுகளும் நிறையப் பாடினார். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானபோதும் பேச்சு அந்த ஒரு பாட்டைத்தான் சுற்றி வந்தது. இதை வைத்து அவருடைய திறமையை எடைபோடுவது அநியாயம். ஒரு பாட்டு மட்டும் தனியே உயர்வதில் பாடகரின் பங்கைவிடக் கேட்கிற நம்முடைய பங்குதான் பெரிது.

தாளத்தின் கவர்ச்சியை மறுக்கவில்லை. 'சுராங்கனி' பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டு வகையைச் சேர்ந்தது. பைலாவில் ஒவ்வொரு அடியும் மூன்று மூன்றாகப் பிரியும். அடுத்த அடி எங்கே விழும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கும். சில அடிகள் கொஞ்சம் தள்ளி விழும்போது அந்த இடைவெளியை நிரப்ப உடம்பு தானாக அசையும். கணிப்பு ஒருபோதும் பிசகாவிட்டால் சலிப்பு, அடிக்கடி பிசகினால் குழப்பம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தாளமே அதிகம் ஆட வைக்கிறது என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சரி, பைலாத் தாளத்தில் எத்தனையோ பாட்டுகள் இருக்கின்றனவே, இது மட்டும் ஏன்?

2006இல் சல்கானிக், டொட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000க்கு மேற்பட்டவர்களைக் கேட்க விட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கி எடுத்தார்கள் என்பதையும் காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆம் இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னொன்றில் 40க்குப் போய்விட்டது. மிக நல்ல பாட்டு அநேகமாகத் தோற்காது, மிக மோசமானது ஜெயிக்காது. நடுவில் உள்ளவற்றின் தலைவிதியை முதலில் எடுத்த சிலபேர் தீர்மானித்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் ரெக்கோடிங் பார்களை நினைத்துப் பாருங்கள். விருப்பமான பாட்டுகளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிடக் கசெற்றில் அடித்துத் தருவார்கள். பட்டியலில் இரண்டு மூன்று பாட்டுக்கு இடம் மிஞ்சினால் கடைக்காரரிடமே கேட்போம். அவரும் எல்லாரும் கேட்கிற பாட்டைத்தான் போடுவார். அந்தக் கசெற் கல்யாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் ஓடும். அதைக் கேட்டவர் அடுத்த வாரம் அதே பாட்டை எழுதிக் கொடுப்பார். 1990களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட காலத்தில், கால் வலிக்க மிதித்துப் புதுப் பாட்டைப் பரீட்சித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? தெரிந்த பாட்டுத்தான். திரும்பத் திரும்பக் காதில் விழுவதே பிடித்தத்தை உண்டாக்கும் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே எழுதினார்.

அப்புறம் ஏன் இரண்டாவது பாட்டு அப்படி எழும்புவதில்லை? ஜஸ்டின் பெர்க் என்பவர் 1959 முதல் 2010 வரை அமெரிக்க இசையுலகில் இருந்த 69,050 கலைஞர்களின் ஏறக்குறைய 30 லட்சம் பாட்டுகளை அலசி 2022இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது. முதல் வெற்றிக்கு முன்பே புதுமையான, பல வகையான பாட்டுகளைச் செய்து வைத்திருந்தவர்கள் மறுபடியும் வென்றார்கள். சந்தையில் ஏற்கெனவே ஓடுகிற பாணியிலேயே பாடியவர்களுக்கு முதல் வெற்றி சுலபமாக வந்தது. ஆனால் அது ஒன்றோடு நிற்கும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். புதுமை செய்தவர்களுக்கோ அந்த முதல் வெற்றி கிடைப்பதே கடினமாக இருந்தது. வெற்றிக்குப் பிறகு பாணியை மாற்றுவதும் லேசில்லை. பழைய பாட்டைக் கேட்க வந்த கூட்டம், மேடையில் புதுப் பாட்டு தொடங்கியதுமே "சுராங்கனி!" என்று கத்த ஆரம்பித்துவிடும்.