காரில் ஊளையிடும் ஸ்பீக்கர்: ஸ்டீரியோவை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் எங்கள் பட்டறைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே, "அண்ணே, முதலில் உள்ளே உட்கார்ந்து கேளுங்கள்" என்று பக்கத்து இருக்கையைக் காட்டினார். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ஊளை வந்துகொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார், ஊளை சுருதி ஏறியது. காலை எடுத்தார், இறங்கியது.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறார். முதல் கடையில் ஸ்டீரியோ கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினார்கள். இரண்டாவது கடையில் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று ஒரு சிறிய பெட்டியை மாட்டினார்கள். இரண்டுக்கும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. ஊளை மட்டும் போகவில்லை. இரவும் பகலும் வண்டி ஓட்டிச் சம்பாதிக்கும் ஒருவருக்கு அது எத்தனை நாள் உழைப்பு! அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பட்டறைகளில் நாங்கள் டைனமோ என்று சொல்வது உண்மையில் ஆல்டர்னேட்டர். அது மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் வழியாக நேர்திசை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படி மாற்றிய மின்சாரம் மேசைபோல் சமமாக இருக்காது. அதன்மேல் சிற்றலைகள் இருந்துகொண்டேயிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, டைனமோவின் புல்லி சிறியது என்பதால், டைனமோ ஏறக்குறைய 2,000 சுற்று ஓடும். வழக்கமான 12 துருவ டைனமோவில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் எழும். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,200 அலைகள். எஞ்சின் 3,000 சுற்றைத் தொட்டால் அதுவே 4,500 ஆகிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது கிட்டத்தட்ட இந்த எல்லைக்குள்தான். கொஞ்சம் கசிந்தாலே அது இவ்வளவு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சிற்றலை எல்லா வண்டியிலும் உண்டு. அது பாட்டு போகும் பாதைக்குள் எப்படி நுழைந்தது என்பதே கேள்வி. அதற்கு ஒரு கருவியும் தேவையில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஸ்டீரியோவின் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஊளையும் சேர்ந்து கூடிக் குறைந்தால், கோளாறு ஒலிக் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அதாவது போனிலோ, அதை ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிளிலோ இருக்கிறது. ஒலியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தும் ஊளை அதே அளவில் நின்றால், ஸ்டீரியோவுக்கும், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் தனிப் பெட்டியான ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் தேட வேண்டும்.

முதல் வகையில் வருபவை பெரும்பாலும் போன் சார்ஜர் செய்யும் வேலை. போனை சார்ஜரிலும் செருகி, ஆக்ஸ் கேபிளிலும் செருகினால் எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனஸோடு இணைந்த கார் பாடிக்கு, இரண்டு பாதைகள் உண்டாகி ஒரு வளையம் ஆகிவிடும். சார்ஜரைப் பிடுங்கியவுடன் சத்தம் நின்றால் வேறெதையும் தொட வேண்டாம். நல்ல சார்ஜர் வாங்குங்கள், அல்லது பாட்டை ப்ளூடூத்தில் கேளுங்கள். ஆக்ஸ்தான் வேண்டும் என்றால் அந்த வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் மெலிந்துபோகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓட்டுநரின் வண்டி இரண்டாம் வகை. ஒலியைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் ஊளை அசையவில்லை. ஸ்டீரியோவை நிறுத்தி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றிவிட்டு, மீண்டும் ஸ்டீரியோவைப் போட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்குள் கோளாறு இல்லை, கேபிள் வழியாகத்தான் ஏதோ வருகிறது என்று அதில் உறுதியாயிற்று. அடுத்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும், நீண்ட ஒயர் போட்டு மற்றொரு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தோம். கேபிள்களை மீண்டும் மாட்டி, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டோம். மீட்டர் 0.7 வோல்ட் காட்டியது. அங்கே 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் இருந்த டிக்கியில் தரை விரிப்பைத் தூக்கினேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரை ஒரு சிறிய தகட்டுத் திருகாணியில் மாட்டியிருந்தார்கள். திருகாணியைக் கழற்றியதும், ஒயரின் வளைய முனை இருந்த இடத்தில் கார் கம்பெனியின் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. திருகாணியின் மரை மட்டுமே தகட்டைக் கடித்திருக்கிறது. அத்தனை ஆம்பியரும் அந்த இரண்டு மூன்று மரைகள் வழியாகத்தான் போக வேண்டியிருந்திருக்கிறது. முடியாத மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆர்சிஏ கேபிளின் வெளிச்சுற்று ஒயர் வழியாக ஸ்டீரியோவின் எர்த்துக்குப் போய்ச் சேரும். அதே கேபிளில்தான் பாட்டும் வருகிறது. பாட்டின் மேல் டைனமோவின் சிற்றலை ஏறிக்கொள்கிறது, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தருகிறது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் அந்த இடத்தை பெயின்ட் போய் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்தோம். வளைய முனையை புதிதாக அழுத்தி, போல்ட்டும் பல் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினோம். ஒயரை 40 சென்டிமீட்டருக்குள் அடக்கினோம். மேலே துருப்பிடிக்காமல் பெயின்ட் பூசினோம். மீட்டர் 0.04 காட்டியது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், விட்டார், மீண்டும் மிதித்தார். ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேர வேலை.

சென்னையில் எர்த் கோளாறுகள் அதிகம் வருவதற்கு உப்புக் காற்றும் ஒரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரிப் பக்கம் மூழ்கிய கார்கள் மாதக்கணக்கில் எங்களிடம் வந்தன. இருக்கையை மாற்றி, எஞ்சினைச் சுத்தம் செய்து ஓட வைத்திருப்பார்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் ஒயர் மட்டும் உறைக்குள்ளேயே பச்சை பூத்துப்போயிருக்கும். பழைய கார் வாங்குபவர்கள் அந்த ஒயரை ஒருமுறை கையால் வளைத்துப் பாருங்கள். வேறொன்று: எர்த் எடுக்க வசதியாக இருக்கிறது என்று சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றும் வேலையை உங்கள் வண்டியில் யாரையும் செய்யவிடாதீர்கள். அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்.

எர்த் சரியாக இருந்தும் ஊளை நிற்காத வண்டிகளும் உண்டு. ஆர்சிஏ கேபிளையும் பேட்டரியிலிருந்து வரும் தடித்த பவர் கேபிளையும் ஒரே பக்கம் கட்டி இழுத்திருந்தால் பிரித்து எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுபோக வேண்டும். சில ஸ்டீரியோக்களுக்குள் ஆர்சிஏ வெளியீட்டின் எர்த்தில் தலைமுடிபோல் மெல்லிய ஃபியூஸ் இருக்கும். செட் ஓடும்போதே கேபிளைக் கழற்றி மாட்டினால் அது எரிந்துவிடலாம், எரிந்தால் அன்றிலிருந்து ஊளை தொடங்கிவிடும். ஆர்சிஏ முனையின் வெளி வளையத்தையும் ஸ்டீரியோவின் உடலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் எரிந்தது அந்த ஃபியூஸ்தான். இதனால்தான் செட்டை நிறுத்தாமல் அந்தக் கேபிள்களில் நான் கை வைப்பதில்லை.

டைனமோவையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை 1,500 சுற்றில் வைத்து, விளக்குகளைப் போட்டு, மல்டிமீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டால் போதும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் டயோடுகள் நலம். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பல டைனமோக்களில் டயோடு தட்டை மட்டும் மாற்றலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் கழற்றும் நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, இன்றைய வண்டியின் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும். உங்கள் வண்டியில் யாராவது அதற்குக் கை நீட்டினால் தடுத்து நிறுத்துங்கள்.

எஞ்சின் வேகத்தோடு மாறாத சத்தமென்றால் அது டைனமோவின் சிற்றலை அல்ல. அது பெட்ரோல் பம்ப்பாகவோ, மலிவான எல்இடி விளக்காகவோ, டேஷ் கேமராவாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அந்த ஓட்டுநரின் வண்டியை ஊளை நின்றதும் அனுப்பிவிடவில்லை. பானெட்டைத் திறந்து பவர் கேபிளைப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஓடும் அந்தக் கேபிளில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. தகட்டின் விளிம்பு கேபிளின் தோலைப் பாதிக்குமேல் அறுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அறுந்து செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஒரு புள்ளியில் இறங்கியிருக்கும். அவரைக் கூப்பிட்டு, விரலால் அந்த வெட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அதுவரை ஊளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் ஒன்றும் பேசவில்லை. கேபிளை மாற்றி, ஓட்டையில் ரப்பர் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேபிளின் தடிமனுக்கேற்ற ஃபியூஸ் வைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.